ஜாமீன் அக்காவின் அடாப்டர்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் உள்ள கம்பெனிகளில் மேனேஜர், அதற்கு மேல் உள்ளவர்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்துக் கையை மோந்து பாருங்கள். பாதிப் பேர் கையில் சின்ன வெங்காய வாசனை அடிக்கும். எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. அதற்குக் காரணம் ஒரே ஒரு ஆள். சுங்குவார்சத்திரம் ஜாமீன் அக்கா.

அக்காவின் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. அவர் வீட்டுக்காரர்கூட எங்கள் முன்னால் 'இந்தாமே' என்றுதான் கூப்பிட்டார். பஸ் ஸ்டாப்பிலிருந்து கூப்பிடு தூரத்தில் டிபன் கடை. போர்டு கிடையாது. காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், ஷிப்ட் விடுகிற நேரத்தில் தோசை. கடையில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் அக்காவுக்கு 'நீ'தான். கெமிக்கல் கம்பெனி டைரக்டர் ஒருவர் ஒருநாள் "கொஞ்சம் மரியாதையா..." என்று ஆரம்பித்தார். "மரியாதையா உனுக்கு ரெண்டு சட்னி வெச்சேனே, பாக்கலியா?" என்று கேட்டுவிட்டு அக்கா அடுத்த தோசையைத் திருப்பப் போய்விட்டார்.

நான் அப்போது வல்லம் வடகாலில் ரப்பர் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் அட்மின் ஆபீசர். கக்கூஸ் குழாயிலிருந்து கம்பெனி கார் வரை எது ஓடாவிட்டாலும் திட்டு வாங்குகிற உத்தியோகம். எங்கள் முதலாளி ஒரு நாள் சுற்றுச்சூழலைக் காப்பாற்றுவது என்று முடிவெடுத்து, யாரோ ஓட்டிச் சலித்த எலெக்ட்ரிக் கார் இரண்டை வாங்கிப் போட்டார். மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கி, போட்டோவெல்லாம் எடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பழைய வண்டிகளுக்குச் சார்ஜ் போடுகிற வாய் ஒரு மாதிரி. இப்போது சார்ஜ் ஸ்டேஷன்களில் ஒயர் நுனியில் தொங்குகிற பிளக், 'கன்' என்பார்கள், வேறு மாதிரி. ஒன்றுக்குள் ஒன்று போகாது. சாதாரண பிளக்கில் செருகினால் ராத்திரி முழுக்கக் குடிக்கும். ஸ்டேஷனில் வேகமாக ஏற்ற வேண்டுமானால் நடுவில் ஓர் அடாப்டர் வேண்டும். ஒரு பக்கம் ஸ்டேஷன் கன்னை வாங்கிக்கொண்டு, மறுபக்கம் காருக்குள் போய் உட்காரும். பார்க்க ஆட்டுக்கல் குழவி மாதிரி இருக்கும். கனமும் ஏறக்குறைய அதே.

ஒன்று வாங்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். நானும் கேட்டேன். பர்ச்சேஸ்காரர், "அப்ரூவ்டு வெண்டர் யாரும் இத விக்கல சார்" என்றார். சேஃப்டிக்காரர், "நடுவுல எதையும் மாட்டறதுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். பிறகு இருவரும் அவரவர் பெட்ரோல் வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனார்கள்.

இப்படி ஊரெல்லாம் தேடும் பொருள் ஒன்று ஜாமீன் அக்காவிடம் இருந்தது. அவர் வீட்டுக்காரர் ஒரு டாக்சி கம்பெனியில் இதே மாதிரிப் பழைய எலெக்ட்ரிக் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர். கம்பெனி கடையைக் கட்டியபோது வண்டிகளையெல்லாம் எண்ணி வாங்கிக்கொண்டவர்கள் அடாப்டரைக் கேட்க மறந்துவிட்டார்கள். அவர் ஃபேக்டரி பஸ் ஓட்டப் போய்விட்டார். அடாப்டர் கடைக்கு வந்து, மாவு டிரம் மூடிமேல் பாரமாக உட்கார்ந்தது.

எங்கள் டிரைவர் முனுசாமிதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஆவலோடு ஓடிப் போய்ப் பார்த்தால், கடைக்குப் பின்னால் கவிழ்த்த குண்டான்களுக்கு நடுவில் அடாப்டர் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. தேங்காய் நார் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று இருந்தது.

"ஐயோ அக்கா! இது கரண்டு சாமான். இதைப் போய்த் தண்ணியில கழுவலாமா?"

"அதுக்குத்தான வெயில்ல வெச்சிகீறேன்? ஈரத்தோட கரண்டுல சொருவ நான் இன்னா லூசா?"

அன்றைக்கு அரை மணி நேரம் மன்றாடிப் புரியவைத்தேன். அதன் பிறகு அடாப்டருக்குக் குளியல் நின்றது. காய்ந்த இட்லித் துணியில் சுற்றி, சோறு சூடாக வைக்கிற ஒரு பெரிய ஹாட் பாக்ஸில் வைத்துவிட்டார். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா, பிரியாணி எவ்ளோ?" என்று கேட்பார்கள்.

ஆரம்பத்தில் அக்கா கேட்டவருக்கெல்லாம் சும்மாதான் கொடுத்தார். சார்ஜ் ஸ்டேஷன் இருந்தது ஸ்ரீபெரும்புதூர் போகிற பக்கம் நெடுஞ்சாலையில் ஒரு பெட்ரோல் பங்கில். அங்கே போய், சார்ஜ் ஏறும்வரை காத்திருந்து, திரும்பி வந்து கொடுக்க வேண்டும். எல்லோரும் கொடுத்தார்கள், ஒரு வாடகை கார் டிரைவரைத் தவிர. அவர் சார்ஜ் போட்டுக்கொண்டு அப்படியே ஒரகடம் போய்விட்டார். அக்காவுக்கு அவர் முகம் நினைவில்லை. வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கம்பெனி ஸ்டிக்கர் மட்டும் நினைவிருந்தது. அதே கம்பெனி பஸ் ஷிப்டுக்கு ஆள் ஏற்ற வந்து நின்றது. சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா, அப்படியே ஏறிப் போய் ஜன்னலோரமாக உட்கார்ந்துவிட்டார்.

ஃபேக்டரி கேட்டில் செக்யூரிட்டி, "ஐடி கார்டு?" என்று கேட்டாராம். அக்கா கையிலிருந்த கரண்டியைக் காட்டினாராம். திரும்பி வரும்போது இடது கையில் அடாப்டர், வலது கையில் கரண்டி. அந்தக் கம்பெனி பஸ்ஸே கொண்டுவந்து இறக்கிவிட்டது.

மறுநாள் முதல் சட்டம் அமலுக்கு வந்தது.

"அடாப்டர் வோணுமா? வண்டியில வந்த ஆளு ஒருத்தர வெச்சிட்டுப் போ. அடாப்டர் வந்தா ஆளு வரும்."

இதில் இரண்டு உட்பிரிவுகள் உண்டு. ஒன்று, ஜாமீனாக உட்காருகிறவர் சும்மா உட்காரக்கூடாது. சாம்பாருக்கு வெங்காயம் உரிக்க வேண்டும். இரண்டாவதுதான் விவகாரமானது. ஜாமீன் ஆளை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அக்காதான் தேர்ந்தெடுப்பார். வண்டிக் கதவைத் திறந்து, கத்திரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொரு முகமாகப் பார்ப்பார். யாரை விட்டுப் போனால் இவர்கள் கட்டாயம் திரும்பி வருவார்களோ, அந்த ஆளைக் கையைப் பிடித்து இறக்குவார்.

எங்கள் ஜி.எம். இதை அறியாமல் ஒருநாள் என்னோடு வந்தார். சுங்குவார்சத்திரம் பக்கம் இருந்த கஸ்டமர் கம்பெனிக்கு மீட்டிங் போகிற வழி. அடாப்டர் வேண்டும் என்றதும் என் முதுகில் தட்டி, "நம்ம சார் இருக்கட்டும்மா" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஏன்யா, இவர வெச்சிக்கினா நீ வருவியா?"

"வருவேம்மா" என்றார் ஜி.எம். ஆனால் சொல்வதற்கு முன்னால் ஒரு விநாடி வானத்தைப் பார்த்து யோசித்தார். என் வருடாந்திர அப்ரைசலில்கூட என் மதிப்பு அவ்வளவு தெளிவாக வெளிப்பட்டதில்லை.

"வோணாம், வோணாம். நீ எறங்கு. நீ குந்து. இவரு போயி வரட்டும்."

நானும் முனுசாமியும் போய்ச் சார்ஜ் போட்டுக்கொண்டு திரும்பினோம். ஜி.எம். ஸ்டூலில் உட்கார்ந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, மடியில் முறத்தோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். கஸ்டமர்தான். நாங்கள் வரத் தாமதமாகும் என்று தெரிந்ததும் போனிலேயே பிடித்துக்கொண்டார்கள். டெலிவரி ஏன் தாமதம் என்று கேள்வி. ஜி.எம். கண்ணில் தாரை தாரையாக நீர். மூக்கை உறிஞ்சி உறிஞ்சி, "சார்... எங்க சைடுல... என்ன பண்றதுன்னே..." என்கிறார். ஸ்பீக்கரில் எதிர்ப்பக்கத்துக் குரல் பதறுவது எனக்கே கேட்டது.

"சார், சார், ப்ளீஸ். இவ்ளோ ஃபீல் பண்ணாதீங்க. அடுத்த வாரம் குடுங்க, போதும். வீட்ல எல்லாரும் நல்லாருக்காங்கல்ல?"

அதற்குப் பிறகு சிக்கலான போன் ஏதாவது பேச வேண்டியிருந்தால், சார்ஜ் முழுசாக இருந்தாலும்கூட ஜி.எம். வண்டியைச் சுங்குவார்சத்திரத்துக்கு விடச் சொல்வார்.

அக்காவின் கணக்கு எப்போதும் சரியாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஒரு தடவை பெண் பார்க்கப் போகிற கூட்டம் இரண்டு வண்டிகளில் வந்ததாம். நான் பார்க்கவில்லை. முனுசாமி சொன்னது, அதனால் பாதியைத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். அக்கா யோசிக்கவே இல்லை. மாப்பிள்ளையைப் பிடித்து இறக்கினார். மாப்பிள்ளை இல்லாமல் எங்கே போய்விடுவார்கள்? சார்ஜ் போட்டு வந்தவர்கள் அடாப்டரைக் கடைவாசலில் வைத்துவிட்டு, நேரமாகிவிட்டது என்ற பதற்றத்தில் பறந்துவிட்டார்கள். மாப்பிள்ளை அந்த வண்டியில் இருப்பான் என்று இந்த வண்டி நினைத்தது, இந்த வண்டியில் இருப்பான் என்று அந்த வண்டி நினைத்தது. பெண் வீட்டில் காப்பி கொண்டுவந்து கொடுத்து, "மாப்பிள்ளை எங்க?" என்று கேட்டபோதுதான் தெரிந்ததாம். அந்த மாப்பிள்ளைக்கும் அவசரம் ஒன்றுமில்லை. நான்காவது தோசையில் இருந்தானாம்.

"அடாப்டர் வந்துச்சா இல்லியா? அவ்ளோதான் என் வேல" என்றார் அக்கா. ஆனால் அந்த விஷயத்தில் அவருக்கு உள்ளூர மனத்தாங்கல்தான்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு சித்திரை மாதத்து மதியம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள்.

போரூரிலிருந்து ஆற்காட்டுக்குப் போகிறார்களாம். அதே பழைய மாடல் வெள்ளை வண்டி. பங்கில் விசாரித்து, அக்கா கடையைத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார்கள். நானும் முனுசாமியும் அப்போதுதான் அதே அடாப்டருக்காக வந்து நின்றிருந்தோம். எங்கள் வண்டியிலும் சார்ஜ் அடிமட்டத்தில் இருந்தது. மீட்டிங்குக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. ஆனால் அவர்கள் ஒரு நிமிடம் முந்திவிட்டார்கள். அக்கா கடையில் வரிசை வரிசைதான்.

அவன் டிரைவர் சீட்டில். அவள் முன் சீட்டில் இல்லை. பின் சீட்டில், இரண்டு பெரிய சூட்கேஸ்களுக்கும் ஒரு மிக்சி அட்டைப்பெட்டிக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஆற்காடு அவளுடைய அம்மா வீடு என்பதும், இது லீவுக்குப் போகிற பயணம் இல்லை என்பதும் யாரும் சொல்லாமலே தெரிந்தது. லீவுக்குப் போகிறவர்கள் மிக்சியைக் கொண்டுபோவதில்லை.

அக்கா சட்டத்தைச் சொன்னார். அந்தப் பெண் உடனே, "என்னை வெச்சா அவர் வர மாட்டாருக்கா. முன்னாடி ஒரு கேமரா பை இருக்கு பாருங்க, அதை வெச்சுக்கோங்க. அதுக்குன்னா எங்கிருந்தாலும் ஓடி வருவார்" என்றாள்.

அவன் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் கேமரா பையின்மேல் ஒரு கையை வைத்தான். அதை அக்காவும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

நான் மெதுவாக அக்கா காதில் சொன்னேன்: "அக்கா, பையையே வாங்கி வெச்சுக்குங்க. எங்களுக்கும் அடாப்டர் வேணும்."

அக்கா என்னை லட்சியமே செய்யவில்லை. பின் கதவைத் திறந்தார்.

"எறங்குமா."

"அவர் வர மாட்டார்னு சொல்றேன்ல?"

"கேமராவுக்குத்தான் வருவான்னா, கேமராவயே கூட்டிக்கினு போவட்டும். உனுக்கு அவங்கூட இன்னா வேல? குந்து. வரானா இல்லியான்னு பாத்துட்லாம்."

அடாப்டரைத் தூக்கி அவன் கையில் கொடுத்தார். வண்டி போனது. நான் வாழ்க்கையில் எத்தனையோ ரிஸ்க் பார்த்திருக்கிறேன். ஒரகடம் வட்டாரத்துக்கே இருந்த ஒரே அடாப்டரை ஒரு புருஷன் பெண்டாட்டி சண்டைமேல் பந்தயம் கட்டிப் பார்த்ததில்லை.

அந்தப் பெண் வெங்காயம் உரித்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வெங்காயம் தீர்ந்தது. அக்கா பூண்டை எடுத்துக் கொடுத்தார். பூண்டும் தீர்ந்தது. நெடுஞ்சாலையில் வருகிற ஒவ்வொரு வெள்ளைக் காருக்கும் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்.

"ஒரு போன் பண்ணிப் பாருங்களேம்மா" என்றேன்.

"நான் பண்ண மாட்டேன்."

"நம்பர் குடுங்க. நான் பண்றேன்."

"குடுக்க மாட்டேன்."

முனுசாமி என் பக்கத்தில் வந்து, "சார், அடாப்டர் ஆற்காடு போயிருக்கும் சார். பொண்ணு மட்டும் இங்க நின்னுட்ச்சி" என்றார். அந்தப் பெண்ணுக்குக் கேட்டிருக்க வேண்டும். தலையைத் தூக்கவில்லை. அக்கா முனுசாமியை முறைத்துவிட்டு, ஒரு தட்டில் சாம்பார் சாதமும் அப்பளமும் வைத்துக்கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்.

"துன்னு."

"வேணாங்கா."

"எவன் வந்தாலும் வரலன்னாலும் வயிறு இன்னா பண்ணிச்சி உன்ன? துன்னு."

அவள் சாப்பிட ஆரம்பித்தாள். அக்கா வாசலுக்குப் போய், புடவைத் தலைப்பை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தார். அன்றைக்குத்தான் அக்கா பயப்பட்டு நான் பார்த்தேன். அடாப்டருக்காகப் பயந்த மாதிரி தெரியவில்லை. 'குந்து' என்று சொன்னது அவர்தானே.

கடைசியில் அவன் வந்தான். காரில் வரவில்லை. நெடுஞ்சாலை ஓரமாக, அந்த வெயிலில், பாதி ஓட்டமும் பாதி நடையுமாக வந்தான். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. முகம் வெந்த நண்டு மாதிரி சிவந்திருந்தது. கடைக்குள் நுழைந்தவன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. நேரே அவள் முன்னால் போய் நின்று, மூச்சு வாங்க வாங்க ஒரே ஒரு வார்த்தை கேட்டான்.

"சாப்டியா?"

அவள் வாயில் சோற்றோடு தலையாட்டினாள்.

  அக்காதான் முதலில் சுதாரித்தார்.

"அடாப்டர் எங்கய்யா?"

அவன் திரும்பி அக்காவைப் பார்த்தான். "எந்த அடாப்டர்?" என்றான்.



பிறகு தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து விசாரித்தோம். சார்ஜ் ஏறும்போது கழன்றுவிடாமல் இருக்க உள்ளே ஒரு பூட்டு விழும். சார்ஜ் முடிந்தால் அதுவே திறந்துகொள்ள வேண்டும். இன்றைக்குத் திறக்கவில்லை. ஸ்டேஷன் கன், அடாப்டர், கார் மூன்றும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கின்றன. ஹெல்ப்லைனுக்குப் போன் போட்டிருக்கிறான். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று பாட்டுப் போட்டுப் போட்டே அவன் செல்போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. அத்தனை பெரிய சார்ஜ் ஸ்டேஷன் பக்கத்தில் நின்றும் அவனுக்குப் போன் பேச வழியில்லை. ஆட்டோவும் கிடைக்கவில்லை. நடந்தே வந்துவிட்டான்.

"கேமரா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"வண்டியில இருக்கு. வண்டியப் பூட்டுனேனான்னு தெரியல."

எல்லோரும் எங்கள் காரில் ஏறினோம். முன்னால் முனுசாமியும் நானும். பின்னால் அக்காவும் அவர்கள் இருவரும். ஏ.சி.யை நிறுத்தி, ஜன்னலை இறக்கிவிட்டு, மூச்சுகூட மெதுவாக விட்டுக்கொண்டு போனோம். சார்ஜ் தீருகிற சமயத்தில் அந்த வண்டியின் டிஸ்ப்ளேயில் ஓர் ஆமைப் படம் வரும். பாதி வழியிலேயே ஆமை வந்துவிட்டது. மாட்டு வண்டி ஒன்று முந்தாததுதான் பாக்கி.

பங்கில் ஒரு பஞ்சாயத்தே கூடியிருந்தது. ஸ்டேஷனைப் பார்த்துக்கொள்கிற பையன், "கன்னு மேல கைய வெச்சா என் வேல போய்டும் சார்" என்றான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத் தட்டிப் பார்த்தாயிற்று, ஆட்டிப் பார்த்தாயிற்று. மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார். காரின் வாயை உடைத்தால் வண்டியே போச்சு. ஆக, மூன்றில் உடைக்கக்கூடியது ஒன்றுதான். எல்லோரும் அக்காவைப் பார்த்தோம்.

"வேணாங்கா" என்றாள் அந்தப் பெண். "நாளைக்கே மெக்கானிக் வரட்டும். நாங்க பஸ்ல போய்க்கறோம்."

"எந்தப் பக்கத்து பஸ்ஸுல?" என்று கேட்டார் அக்கா.

அவன் அவளைப் பார்த்தான், அவள் சாலையைப் பார்த்தாள்.

அக்கா அடாப்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதன்மேல் இட்லித் துணியின் நூல் ஒன்று ஒட்டியிருந்தது. அதைக் கிள்ளி எறிந்தார்.

"அறுத்துப் போடு முனுசாமி. சோறா போடப் போவுது அது?"

பெட்ரோல் பங்கில் தீப்பொறி பறக்கக்கூடாது. அதனால் மெஷின் கூடாது. பட்டறையிலிருந்து ஆக்ஸா பிளேடு வாங்கிவந்து கையாலேயே அறுக்க வேண்டியதாயிற்று. முனுசாமி அறுத்தார், அந்தக் கணவன் அறுத்தான், நானும் கொஞ்சம் அறுத்தேன். அக்கா மட்டும் அந்தப் பக்கம் திரும்பி, காற்றுப் பிடிக்கிற மெஷினை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். கடைசியில் 'பட்' என்று விட்டது. கன் தனியாக வந்தது. நெம்பியதில் மீதியும் கழன்றுகொண்டது.

அவன் பர்சை எடுத்தான். அக்கா அந்தக் கையைத் தட்டிவிட்டார்.

"இம்மா நேரம் ஒருத்திய ஒக்கார வெச்சியே, அதுக்கு எவ்ளோ குடுப்ப? போ, போ. வண்டிய எடு."

அந்தப் பெண் பின் கதவைத் திறந்தாள். மிக்சிப் பெட்டியைப் பார்த்தாள். கதவைச் சாத்திவிட்டு, கேமரா பையை எடுத்துப் பின்னால் போட்டுவிட்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். வண்டி பங்க் வாசல்வரை போய், இண்டிகேட்டர் போடாமல், ரொம்ப நேரம் அங்கேயே நின்றது. உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. பிறகு இடதுபக்கம் திரும்பிப் போனது.

"பாத்தியா! மெட்ராஸ் பக்கம் திரும்பிட்சி. வூட்டுக்குத்தான் போறாங்க" என்றார் அக்கா.

"ஆற்காடு போவணும்னாலும் அப்படித்தாங்க்கா போவணும். யூ டர்ன் அங்கதான கீது?" என்றார் முனுசாமி.

இது பற்றி இருவரும் சாயங்காலம்வரை சண்டை போட்டார்கள். அதற்கு நேரம் இருந்தது. எங்கள் ஆமை வண்டியைக் காற்றுப் பிடிக்கிற மெஷினின் பிளக்கில் செருகிவிட்டு, சொட்டுச் சொட்டாக ஏறுகிற சார்ஜுக்காக மூன்று பேரும் அங்கேயே கிடந்தோம். காற்றுப் பிடிக்க வந்த பைக்குக்காரர்கள் எல்லோரும் எங்கள் மூவரையும் தனித்தனியாகத் திட்டிவிட்டுப் போனார்கள். மீட்டிங் போயே போய்விட்டது.

மறுநாள் ஜி.எம். கூப்பிட்டார். என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவர் மீட்டிங்கைப் பற்றிக் கேட்கவே இல்லை.

"அக்கா ரொம்ப வருத்தப்பட்டாங்களா?" என்றார்.

அந்த வண்டிகளை முதலாளி ஒரு வருஷத்துக்குள் விற்றுவிட்டார். இப்போது ஓடுகிற புது வண்டிகளுக்கெல்லாம் வாய் சரியாக இருக்கிறது. அடாப்டர் என்றால் என்னவென்றே புது டிரைவர்களுக்குத் தெரியாது. அக்காவிடம் இரவல் கேட்க இப்போது யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் ஜாமீன் அக்கா என்ற பெயர் போகவில்லை. ஏன் அந்தப் பெயர் என்று கேட்டால், புதிதாக வந்த பசங்களில் ஒருவன், "புருஷன் ஜெயில்ல இருந்தாரோ என்னமோ" என்று என்னிடமே சொன்னான். பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த புருஷனுக்குப் புரையேறிவிட்டது.

அந்தப் போரூர் தம்பதி பிறகு வந்தார்களா என்று அக்காவிடம் ஒரு தடவை கேட்டேன். "வந்தா இன்னா, வராட்டி இன்னா? எத்தினியோ பேரு வராங்க" என்றார். கொஞ்சம் கழித்து, "வரல" என்றார்.

என்னை ஓசூர் யூனிட்டுக்கு மாற்றி இரண்டு வருஷம் ஆகிறது. மாதம் ஒரு தடவை ஹெட் ஆபீசுக்குச் சென்னை போக வேண்டும். போகிற பஸ்கள் சுங்குவார்சத்திரத்தில் நிற்பதில்லை. கண்டக்டரிடம், உடம்பு சரியில்லாத சொந்தக்காரர் ஒருவரைப் பார்க்க வேண்டும் என்று கெஞ்சி இறங்கிக்கொள்கிறேன். உடம்பு சரியில்லை என்பதுதான் பொய்.